சான்றிதழில் இருக்கும் பெயர் யாருடையது? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஒரு தளமோ ஆளோ இணையத்தில் தன் அடையாளத்தைக் காட்டப் பயன்படுத்தும் டிஜிட்டல் சான்றிதழைச் சோதிக்கும் மென்பொருள் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இதை வழங்கிய அமைப்பை நம்பலாமா என்பது முதல் கேள்வி. நான் தொடர்புகொள்ள நினைத்தவருக்குத்தான் இது வழங்கப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது. அடையாள அட்டை போலி இல்லை என்பது வேறு, அட்டையில் இருக்கும் முகம் எதிரில் நிற்பவருடையதுதானா என்பது வேறு. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று விடை வந்ததுமே பலர் சோதனை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். மனிதர்கள் மட்டுமல்ல, பல நிரல்களும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. இந்த வழிமுறை முழுவதும் இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

கீழே அறிகுறிகள் வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் மூன்று விவரங்களைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால் ஒரு கோளாறு இரண்டாகும்.

முதலில் எடுக்க வேண்டிய மூன்று விவரங்கள்

முதலாவது, நீங்கள் கேட்ட பெயர். முகவரிப் பட்டையில் இருக்கும் டொமைன் பெயரை, அல்லது நிரலின் அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும் சர்வர் பெயரை, ஓர் எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சான்றிதழில் இருக்கும் பெயர்கள். பிரவுசரில் முகவரிக்கு இடப்புறம் உள்ள சின்னத்தை அழுத்தி, இணைப்பின் விவரத்துக்குள் போனால் சான்றிதழைத் திறந்து பார்க்கலாம். அதில் 'சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்' என்ற பகுதியைத் தேடுங்கள். இனி இதை மாற்றுப் பெயர்ப் பட்டியல் என்கிறேன். மேலே பெரிதாகத் தெரியும் 'காமன் நேம்' உங்கள் கண்ணை இழுக்கும். அதை நம்ப வேண்டாம். குரோம் 2017ல் வந்த 58ஆம் பதிப்பிலிருந்து காமன் நேமைப் பெயர் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துவதில்லை. மற்ற பிரவுசர்களும் பின்னாளில் அதே வழிக்கு வந்துவிட்டன. 2023ல் வெளிவந்த ஆர்எஃப்சி 9525 என்ற தரவரையறை காமன் நேமை ஒப்பீட்டிலிருந்து முற்றிலும் நீக்கிவிட்டது. ஆகவே பட்டியலில் இல்லாத பெயர், சான்றிதழில் இல்லாத பெயர்தான்.

மூன்றாவது, வழங்கியவர் யார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பது. பெயர்க் கோளாறு என்று வருபவற்றில் சில உண்மையில் வேறு சான்றிதழ் வந்து நிற்பதால் ஏற்படுபவை. வழங்கியவரின் பெயர் அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டளை வரியில் வேலை செய்பவர்களுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவி போதும். அதன் 'எஸ்_கிளையண்ட்' கட்டளையால் சர்வருடன் இணைந்து சான்றிதழை வாங்கி, 'எக்ஸ்509' கட்டளையால் அதைப் பிரித்துப் படிக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஸ்_கிளையண்ட் இறுதியில் 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்: 0 (ஓகே)' என்று அச்சிடும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த 0 முதல் கேள்விக்கான விடை மட்டுமே. பெயரை ஒப்பிடும்படி நீங்கள் சொல்லாதவரை அது பெயரை ஒப்பிடுவதே இல்லை. 'வெரிஃபை_ஹோஸ்ட்நேம்' என்ற தெரிவையும் கேட்ட பெயரையும் சேர்த்துக் கொடுத்தால்தான் இரண்டாவது கேள்வியும் கேட்கப்படும். சான்றிதழ் கோப்பாகவே கையில் இருந்தால் எக்ஸ்509 கட்டளையுடன் 'செக்ஹோஸ்ட்' தெரிவைக் கொடுங்கள். பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

அறிகுறி: பிரவுசர் 'பெயர் பொருந்தவில்லை' என்கிறது

குரோமில் இது 'எர்_செர்ட்_காமன்_நேம்_இன்வேலிட்' என்றும், ஃபயர்ஃபாக்ஸில் 'எஸ்எஸ்எல்_எர்ரர்_பேட்_செர்ட்_டொமைன்' என்றும் வரும். குரோமின் பிழைப் பெயரில் இன்னும் காமன் நேம் ஒட்டிக்கொண்டிருப்பது பழைய பழக்கத்தின் மிச்சம். அதை வைத்துக் காமன் நேமைத் திருத்தப் போகாதீர்கள்.

கேட்ட பெயரையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வேறுபாடு அங்கேயே தெரிந்துவிடும்.

'உதாரணம்.காம்' பட்டியலில் இருக்கிறது, முன்னால் மூன்று டபிள்யூ சேர்ந்த பெயர் இல்லை. அல்லது இதற்கு நேர்மாறு. இரண்டும் தனித்தனிப் பெயர்கள். 'ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டிருக்கிறோமே' என்பார்கள். திருப்பிவிடும் பதில் பாதுகாப்பான இணைப்புக்கு உள்ளேதான் வருகிறது. அந்த இணைப்பு உருவாகும்போதே முதல் பெயருக்கான சான்றிதழ் கேட்கப்பட்டுவிடும். ஆகவே திருப்பிவிடுவதற்கு மட்டுமே இருக்கும் பெயரும் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

அடுத்தது நட்சத்திரக் குறி. '*.உதாரணம்.காம்' என்பது ஒரே ஒரு படிக்கு மட்டும் செல்லும். 'அஞ்சல்.உதாரணம்.காம்' பொருந்தும். 'புதிய.அஞ்சல்.உதாரணம்.காம்' பொருந்தாது. நட்சத்திரம் இல்லாத வெறும் 'உதாரணம்.காம்' என்பதும் பொருந்தாது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இதைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் 'ராங்.ஹோஸ்ட்.பேட்எஸ்எஸ்எல்.காம்' என்ற சோதனைத் தளத்துக்குப் போகலாம். வேண்டுமென்றே கோளாறாக வைக்கப்பட்ட தளம் அது. அங்கே வரும் சான்றிதழ் '*.பேட்எஸ்எஸ்எல்.காம்' என்ற பெயருக்கானது. கேட்ட பெயரிலோ முன்னால் இரண்டு படிகள் இருக்கின்றன. வழங்கிய அமைப்பைப் பற்றி பிரவுசருக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் கதவைத் திறக்க மறுக்கிறது. இரண்டு கேள்விகளும் வெவ்வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

பட்டியலில் முற்றிலும் தொடர்பில்லாத பெயர்கள், வேறொருவரின் தளமோ வாடகைக்கு இடம் தரும் நிறுவனத்தின் பொதுப் பெயரோ இருந்தால், கோளாறு சான்றிதழில் இல்லை, சர்வரின் அமைப்பில் இருக்கிறது. ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் இருக்கும்போது, இணைப்பின் தொடக்கத்தில் வாடிக்கையாளர் மென்பொருள் தனக்கு எந்தப் பெயர் வேண்டும் என்று சொல்கிறது. 'எஸ்என்ஐ' என்பது இதுதான். சொன்ன பெயருக்கு எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் அமைப்பில் தனி 'சர்வர்' பகுதி இல்லையென்றால், அந்தப் போர்ட்டுக்கு (இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசலுக்கு) இயல்பானதாகக் குறிக்கப்பட்ட பகுதியின் சான்றிதழ் போகும். அப்படி எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் முதலில் எழுதப்பட்ட பகுதியின் சான்றிதழ் போகும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளிலும் கதை ஏறக்குறைய இதேதான். எனவே புதிய சான்றிதழ் வாங்க ஓடாமல், அந்தப் பெயர் அமைப்புக் கோப்பில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, பாதுகாப்பான இணைப்புக்கான 443ஆம் போர்ட்டுக்கும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண இணைப்புக்கான 80ஆம் போர்ட்டுக்கு மட்டும் எழுதி 443ஐ விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பெயர்களை ஐபி முகவரிகளோடு இணைக்கும் டிஎன்எஸ் ஏற்பாட்டில் 'சிநேம்' பதிவு மூலம் உங்கள் பெயரை இன்னொரு சேவையின் பெயருக்குச் சுட்டியிருந்தால், பிரவுசர் ஒப்பிடுவது பயனர் கேட்ட பெயரைத்தான், சுட்டப்பட்ட பெயரை அல்ல. அந்தச் சேவையின் சான்றிதழில் உங்கள் பெயரும் இடம்பெற வேண்டும். பொதுவாக அந்தச் சேவையின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் 'சொந்த டொமைன்' என்ற இடத்தில் பதிவு செய்தால் அவர்களே வாங்கிப் போட்டுவிடுவார்கள்.

முகவரியில் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைப் போட்டுத் திறந்தால், பட்டியலில் அந்த எண் ஐபி வகையில் பதிவாகியிருக்க வேண்டும். எண்ணை டொமைன் பெயர் வகையில் எழுதி வைத்தால் அதைப் பிரவுசர் ஏற்காது. 1.1.1.1 என்ற முகவரியைப் பிரவுசரில் திறந்து அதன் சான்றிதழைப் பாருங்கள். சரியாக எழுதப்பட்ட ஒன்று எப்படி இருக்கும் என்பது விளங்கும்.

டொமைன் பெயர் தமிழ் எழுத்துகளில் இருந்தால் சான்றிதழில் அது தமிழில் தெரியாது. 'எக்ஸ்என்--' என்று தொடங்கும் லத்தீன் எழுத்துக் கோவையாகத் தெரியும். இது கோளாறு அல்ல. அந்தக் கோவை உங்கள் பெயருக்குரியதுதானா என்று மட்டும் மாற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: நேற்றுவரை சரியாக இருந்தது, இன்று ஒரு பெயருக்கு மட்டும் எச்சரிக்கை

சான்றிதழின் தொடக்கத் தேதியைப் பாருங்கள். அது நேற்றோ இன்றோ என்றால், புதுப்பித்தபோது ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. செர்ட்பாட் போன்ற, சான்றிதழ் வாங்கித் தரும் கருவிகளில் பெயர்களைக் கையால் கொடுத்துப் புதிதாக வாங்கும்போது, பழைய பட்டியலில் இருந்த ஒன்றை எழுத மறந்தால் புதிய சான்றிதழில் அது இருக்காது. பழைய சான்றிதழையும் புதியதையும் திறந்து இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால் விடுபட்டது எது என்று தெரிந்துவிடும்.

மாறாக, கோப்பில் புதிய சான்றிதழ் இருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் பழையதே வருகிறது என்றால், சர்வர் மென்பொருள் பழையதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அமைப்பை மீண்டும் ஏற்றச் சொல்லுங்கள். புதுப்பித்து முடிந்ததும் இது தானாகவே நடக்கும்படி அமைத்துவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2020 செப்டம்பரிலிருந்து உச்ச வரம்பு 398 நாட்கள். 2025ல் எடுக்கப்பட்ட முடிவின்படி 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள். ஆண்டுக்கு ஒருமுறை கையால் மாற்றிச் சமாளித்தவர்களுக்கு இனி அந்த வழி ஒத்துவராது.

அறிகுறி: சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை

இந்த அறிகுறி பலரின் பொறுமையைத் தின்றுவிடும். காரணம் பெரும்பாலும் எளிது: அந்தப் பெயருக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று பழைய சான்றிதழுடன் நிற்கிறது. பெயருக்குரிய ஐபி முகவரிகள் அனைத்தையும் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். கர்ல் கருவியில் 'ரிசால்வ்' என்ற தெரிவு இருக்கிறது. பெயரை மாற்றாமல் எந்த ஐபிக்குப் போக வேண்டும் என்று மட்டும் அதில் சொல்லலாம். பெயரைப் போட வேண்டிய இடத்தில் ஐபி எண்ணைப் போட்டுச் சோதிக்காதீர்கள். அப்படிச் செய்தால் எஸ்என்ஐயும் மாறிப்போய் இல்லாத கோளாறு ஒன்று முளைக்கும்.

ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரியை மறக்க வேண்டாம். சர்வரை இடம் மாற்றும்போது பழைய வகை ஐபிக்கான 'ஏ' பதிவைத் திருத்திவிட்டு ஐபிவி6க்கான 'ஏஏஏஏ' பதிவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஐபிவி6 உள்ளவர்களுக்கு எச்சரிக்கை வரும், இல்லாதவர்களுக்கு வராது. சோதிப்பவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவராக இருந்தால் 'எனக்கு நன்றாகத்தானே வருகிறது' என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அறிகுறி: ஒரே ஓர் இணைய இணைப்பில், அல்லது ஒரே ஒரு கணினியில் மட்டும் எச்சரிக்கை

கணினியின் தேதியையும் நேரத்தையும் முதலில் பாருங்கள். அது பெயர்க் கோளாறு அல்ல என்றாலும், சோதிக்க ஒரு நொடி போதும்.

அடுத்து வழங்கியவரின் பெயர். வேறு இணைப்பில், உதாரணமாகக் கைபேசியின் டேட்டாவில், அதே தளத்தைத் திறந்து வழங்கியவரை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால் உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே யாரோ இருக்கிறார்கள். அது கணினியில் இருக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளாக இருக்கலாம், அலுவலக நெட்வொர்க்கின் கண்காணிப்புக் கருவியாக இருக்கலாம். இவை சான்றிதழைத் தாங்களே புதிதாக உருவாக்கிக் கொடுக்கின்றன. அதில் வழங்கியவர் இடத்தில் அந்த மென்பொருளின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்கும். அப்படி ஒரு கருவி இருப்பது உங்களுக்கு முன்பே தெரியும், அதை வைத்தவர்களிடம் கேட்டு உறுதி செய்ய முடியும் என்றால் சரி. தெரியாத பெயர் என்றால் அந்த இணைப்பில் கடவுச்சொல் எதையும் தட்டாதீர்கள்.

பொது வைஃபையில் இணைந்த உடனே பெயர் பொருந்தாத எச்சரிக்கை வந்தால், உள்நுழைவுப் பக்கத்துக்கு உங்களைத் தள்ளுவதற்காக அந்த நெட்வொர்க் உங்கள் இணைப்பை இடைமறித்திருக்கலாம். எச்சரிக்கையைத் தாண்டிப் போகத் தேவையில்லை. கைபேசியும் கணினியும் காட்டும் 'நெட்வொர்க்கில் உள்நுழைக' என்ற அறிவிப்பின் வழியே போய் முடித்துவிட்டு, பிறகு தளத்தைத் திறங்கள். அதன் பிறகும் எச்சரிக்கை தொடர்ந்தால் அந்த வைஃபையை விட்டு வெளியேறிவிடுங்கள்.

'தொடர்க' என்ற வாய்ப்பையே பிரவுசர் தரவில்லை என்றால், அந்தத் தளம் எச்எஸ்டிஎஸ் என்ற அறிவிப்பு மூலம் பாதுகாப்பான இணைப்பு மட்டுமே வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளைத் தேடாதீர்கள். தளத்தை நடத்துபவர்கள் உங்கள் நன்மைக்காகப் போட்ட பூட்டு அது.

அறிகுறி: பிரவுசரில் திறக்கிறது, நிரல் மட்டும் மறுக்கிறது

முதல் சந்தேகம் இடைநிலைச் சான்றிதழ், அதாவது பிரவுசர் நம்பும் மூல அமைப்புக்கும் உங்கள் சான்றிதழுக்கும் நடுவே நின்று இரண்டையும் இணைப்பது. சர்வர் தன் சான்றிதழுடன் அதை வழங்கிய இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் சில பிரவுசர்கள் தாங்களே போய் எடுத்துக்கொள்ளும், ஃபயர்ஃபாக்ஸ் முன்கூட்டியே ஒரு தொகுப்பை வைத்திருக்கும். கர்ல், ஜாவா நிரல்கள் போன்றவை பொதுவாக அப்படிச் செய்வதில்லை. சர்வரில் முழுச் சங்கிலியும் அடங்கிய கோப்பைக் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

சங்கிலி சரியாக இருந்து, பெயர் பொருந்தவில்லை என்று நிரல் சொன்னால், அது எஸ்என்ஐ அனுப்புகிறதா என்று பாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கு முந்தைய பதிப்புகளில் எஸ்_கிளையண்ட் அதைத் தானாக அனுப்பாது. 'சர்வர்நேம்' என்ற தெரிவால் கையால் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தும் கொடுக்காமலும் சோதித்து, வரும் சான்றிதழ்கள் வேறுபட்டால் காரணம் அதுதான்.

பழைய உள் நெட்வொர்க் சர்வர்களில், சொந்தமாக உருவாக்கிய சான்றிதழில் காமன் நேம் மட்டும் இருந்து மாற்றுப் பெயர்ப் பட்டியல் இல்லாமல் இருக்கும். கோ என்ற நிரல் மொழியின் 1.15ஆம் பதிப்பு 2020ல் வந்தபோது அப்படிப்பட்ட இணைப்புகள் முறிந்தன. பட்டியலுடன் புதிய சான்றிதழை உருவாக்குவதே தீர்வு. நிரலைப் பழைய பதிப்பில் நிறுத்தி வைப்பது கோளாறைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

அறிகுறி: புதிய சான்றிதழைப் போட்டதும் சர்வர் எழ மறுக்கிறது

'கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்' என்று சர்வரின் பிழைப் பதிவில் இருந்தால், சான்றிதழும் சர்வர் ரகசியமாக வைத்திருக்கும் தனிச் சாவியும் ஒரு ஜோடி அல்ல. இரண்டிலிருந்தும் பொதுச் சாவியைப் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள்: சான்றிதழிலிருந்து எக்ஸ்509 கட்டளையின் 'பப்கீ' தெரிவால், தனிச் சாவியிலிருந்து 'பிகீ' கட்டளையின் 'பப்அவுட்' தெரிவால். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஆர்எஸ்ஏ எண்ணின் மாடுலஸை ஒப்பிடச் சொல்லும் பழைய குறிப்புகள் நீள்வட்ட வளைவுச் சாவிகளுக்கு உதவாது. பொதுச் சாவியை ஒப்பிடுவது எல்லா வகைக்கும் செல்லும்.

இரண்டும் ஒன்றாக இருந்தும் அதே பிழை வந்தால் கோப்பின் வரிசையைப் பாருங்கள். எஞ்சின்எக்ஸ் கோப்பில் முதலில் வரும் சான்றிதழைத்தான் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். இடைநிலைச் சான்றிதழ் மேலே, உங்களுடையது கீழே என்று ஒட்டியிருந்தால் சாவி பொருந்தாது என்றே சொல்லும். உங்களுடையதை மேலே வையுங்கள்.

அறிகுறி: அஞ்சல் மென்பொருள் சான்றிதழைப் பற்றிப் புகார் சொல்கிறது

இணையதளம் நன்றாகத் திறக்கும், அஞ்சலுக்கு மட்டும் எச்சரிக்கை வரும். அஞ்சல் சர்வருக்குத் தனிச் சான்றிதழ் இருக்கிறது. இணையதளத்துடையதைப் புதுப்பித்தால் அது தானாக மாறாது. பல தளங்களுக்குப் பொதுவான அஞ்சல் சர்வர் என்றால், அமைப்பில் நீங்கள் 'அஞ்சல்.உதாரணம்.காம்' என்று எழுதியிருப்பீர்கள், சான்றிதழோ சேவை தருபவரின் பெயரில் இருக்கும். சேவை தருபவர் தம் வழிகாட்டியில் சொல்லும் சர்வர் பெயரையே எழுதிவிடுங்கள். எச்சரிக்கைப் பெட்டியில் தெரியும் பெயரை அப்படியே நகலெடுத்து அமைப்பில் ஒட்டிவிடாதீர்கள். நடுவே நிற்பவர் தம் பெயரை அங்கே காட்டினாலும் நீங்கள் அதையே ஒட்டியிருப்பீர்கள்.

கட்டளை வரியில் சோதிக்கும்போது 993, 465 ஆகிய போர்ட்டுகளில் நேரடியாக இணையலாம். 587, 143 ஆகியவற்றில் சாதாரணமாகத் தொடங்கிப் பிறகுதான் பாதுகாப்புக்கு மாறும். எஸ்_கிளையண்டுக்கு 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' தெரிவுடன் எஸ்எம்டிபியா ஐமேப்பா என்பதையும் சொல்ல வேண்டும்.

கையொப்பமிட்ட மின்னஞ்சல் என்றால் ஒப்பிட வேண்டியது அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி. 'அனுப்புநர்' வரியில் தெரியும் ஆள் பெயரை யாரும் எப்படியும் எழுதிக்கொள்ளலாம். சான்றிதழின் பட்டியலில் உள்ள மின்னஞ்சல் முகவரியும், அனுப்பிய முகவரியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிடிஎஃப் ஆவணத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பக்கத்தில் பச்சையாகவோ நீலமாகவோ தெரியும் கையொப்பப் பெட்டி வெறும் தோற்றம். அதில் எந்தப் பெயரையும் எழுதலாம். எந்தப் பெயரிலும் தானே ஒரு சான்றிதழை உருவாக்கிக் கையொப்பமிட அக்ரோபேட்டிலேயே வசதி இருக்கிறது. கையொப்பத்தை அழுத்தி, சான்றிதழைத் திறந்து, யாருக்கு, யாரால் வழங்கப்பட்டது என்று படியுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் என்றால் அது தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ். பணமோ சொத்தோ சம்பந்தப்பட்ட ஆவணத்தை அதை வைத்து ஏற்காதீர்கள்.

அறிகுறி: வீட்டு ரவுட்டர், சேமிப்புக் கருவி போன்றவற்றின் நிர்வாகப் பக்கம் எச்சரிக்கிறது

இவை தாமே உருவாக்கிக்கொண்ட சான்றிதழுடன் வருகின்றன, எச்சரிக்கை இயல்பானது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. பிரவுசர் காட்டும் எஸ்எச்ஏ-256 கைரேகையை (சான்றிதழிலிருந்து கணக்கிடப்படும் நீண்ட அடையாளக் கோவையை), கருவியின் திரையிலோ நேரடி இணைப்பிலோ தெரியும் கைரேகையுடன் முழுவதுமாக ஒப்பிடுங்கள். முதல் நான்கு எழுத்துகள், கடைசி நான்கு எழுத்துகள் என்று பார்த்துவிட்டுப் போவது ஒப்பீடு ஆகாது. ஒருமுறை சரிபார்த்து ஏற்றபின், கருவியை மாற்றாமலேயே கைரேகை மாறினால் அதை விசாரியுங்கள்.

அறிகுறி: எச்சரிக்கையே வருவதில்லை

இதை யாரும் கோளாறு என்று எண்ணி வருவதில்லை. எனக்கோ இந்தப் பட்டியலிலேயே மிகவும் கவலை தருவது இதுதான். உங்கள் நிரல் எந்தச் சான்றிதழைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு பேசாமல் வேலை செய்கிறது என்றால், அது பெயரைப் பார்க்கவே இல்லை.

சோதிப்பது எளிது. நிரலை ராங்.ஹோஸ்ட்.பேட்எஸ்எஸ்எல்.காம் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். அது மறுக்க வேண்டும். மறுக்காமல் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் உங்கள் இரண்டாவது கேள்வி எங்கோ அணைக்கப்பட்டிருக்கிறது.

எங்கே என்று தேட, நிரலின் மூலத்தில் இந்தப் பெயர்களைப் பாருங்கள். பைத்தானில் 'வெரிஃபை' என்பது 'ஃபால்ஸ்' ஆக்கப்பட்டிருக்கிறதா, 'செக்_ஹோஸ்ட்நேம்' அணைக்கப்பட்டிருக்கிறதா? கோ மொழியில் 'இன்செக்யூர்ஸ்கிப்வெரிஃபை' இருக்கிறதா? ஜாவாவில் எதைக் கேட்டாலும் 'ட்ரூ' என்று திருப்பும் 'ஹோஸ்ட்நேம்வெரிஃபையர்' இருக்கிறதா? கர்ல் கட்டளையில் 'கே' தெரிவு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சோதனைக்காக ஒரு நாள் போட்ட வரி உற்பத்தி சர்வர் வரை போய்விடுகிறது.

யாரும் அணைக்காமலே அணைந்திருப்பதும் உண்டு. பைத்தானின் அடிப்படை நூலகம் 2014ல் 2.7.9 பதிப்பு வரும்வரை சான்றிதழை இயல்பாகச் சோதிக்கவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பெயர் ஒப்பீட்டுக்கான சார்பு 2015ல் வந்த 1.0.2 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிரலாளரும் தாமே எழுத வேண்டியிருந்தது, பலர் எழுதவில்லை. ஜாவாவில் 'எஸ்எஸ்எல்சாக்கெட்'டை நேரடியாகப் பயன்படுத்தினால் இன்றும் பெயர் ஒப்பீட்டை நீங்கள்தான் இயக்க வேண்டும்.

தரவுத்தள இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் 'எஸ்எஸ்எல்மோட்' என்பதற்கு 'ரிக்வையர்' என்று கொடுத்தால் தகவல் மறையாக்கம் ஆகும், எதிரில் இருப்பது யார் என்று பார்க்காது. 'வெரிஃபை-சிஏ' என்றால் வழங்கியவரைப் பார்க்கும், பெயரைப் பார்க்காது. 'வெரிஃபை-ஃபுல்' என்றால்தான் இரண்டையும் பார்க்கும். 'மறையாக்கம் செய்திருக்கிறோம்' என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலர் முதல் நிலையிலேயே நிற்கிறார்கள். திருடனுடன் மறையாக்கம் செய்து பேசினாலும் அது திருடனுடன் பேசுவதுதான்.

அறிகுறி: பெயர் பொருந்துகிறது, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது

இந்தச் சந்தேகம் நியாயமானது. சான்றிதழ் சொல்வது, 'இந்த டொமைன் பெயரைக் கட்டுப்படுத்துபவருக்கு இது வழங்கப்பட்டது' என்பதை மட்டும். அவர் நேர்மையானவர் என்றோ, நீங்கள் எண்ணும் நிறுவனம் என்றோ அது சொல்லவில்லை. மோசடித் தளமும் தன் பெயருக்குச் சரியான சான்றிதழ் வைத்திருக்கும்.

2017 ஏப்ரலில் ஓர் ஆய்வாளர், சிரிலிக் எழுத்துகளை மட்டும் கொண்டு ஆப்பிள் நிறுவனத்தின் பெயர் போலவே தோன்றும் டொமைனைப் பதிவு செய்து, அதற்குச் செல்லத்தக்க சான்றிதழும் பெற்றுக் காட்டினார். அப்போதைய குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் முகவரிப் பட்டையைப் பார்த்து வேறுபாடு காண முடியவில்லை. சான்றிதழைத் திறந்தால் 'எக்ஸ்என்--' என்று தொடங்கும் உண்மைப் பெயர் தெரிந்தது. குரோம் 58 இதைச் சரிசெய்தது. ஆயினும் சந்தேகம் வந்தால் பட்டியலைத் திறந்து படிக்கும் பழக்கம் இன்றும் உதவும்: லத்தீன் எழுத்துப் பெயரை எதிர்பார்த்த இடத்தில் 'எக்ஸ்என்--' இருந்தால் உடனே வெளியேறுங்கள்.

நிறுவனத்தின் பெயரையும் விசாரித்து வழங்கும் சான்றிதழ் வகை உண்டு. ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் வெவ்வேறு இடங்களில் சட்டப்படியே இருக்கலாம் என்பதால், அதுவும் முழு உறுதி தராது. முகவரிப் பட்டையில் நிறுவனப் பெயரைக் காட்டும் முறையை குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2019லேயே கைவிட்டுவிட்டன.

சந்தேகம் உங்கள் சொந்த டொமைன் பற்றியது என்றால், நீங்கள் கேட்காமலே யாராவது உங்கள் பெயருக்குச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க முடியும். 2011ல் சான்றிதழ் வழங்கும் டச்சு நிறுவனமான டிஜிநோட்டாரின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் கூகுளின் பெயருக்கு உட்பட ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். ஈரானில் இருந்த பயனர்களுக்கு எதிராக அவை பயன்பட்டன. வழங்கியவரும் சரி, பெயரும் சரி. இரண்டு கேள்விகளையும் தாண்டிவிட்ட சான்றிதழ் அது. குரோமில் கூகுள் தன் தளங்களுக்கு உரிய சாவிகளை முன்பே பதித்து வைத்திருந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. அதன் பிறகு வளர்ந்த ஏற்பாடுதான், வழங்கப்படும் சான்றிதழ்களை எவரும் பார்க்கும்படி பதிந்து வைக்கும் சான்றிதழ் வெளிப்படைப் பதிவேடுகள். 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் இந்தப் பதிவேடுகளில் இடம்பெற வேண்டும் என்று குரோம் வற்புறுத்துகிறது.

'சிஆர்டி.எஸ்எச்' என்ற தேடுதளத்தில் உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்தால் இதுவரை வழங்கப்பட்டவற்றின் பட்டியல் வரும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் இரண்டு பதிவுகள் தெரியக்கூடும். ஒன்று முன்வரைவு, மற்றொன்று இறுதியானது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்களுக்குச் சேவை தரும் நிறுவனங்கள் உங்கள் சார்பில் வாங்கியவையும் அதில் இருக்கும், அவற்றைக் கழித்துவிடுங்கள். எஞ்சுவதில் யார் கேட்டது என்று உங்கள் குழுவில் ஒருவராலும் சொல்ல முடியாத ஒன்று இருந்தால், அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, வழங்கிய அமைப்பின் முறைகேடு புகார் முகவரிக்கு எழுதி ரத்து செய்யக் கேளுங்கள். டொமைனை நிர்வகிக்கும் கணக்கின் கடவுச்சொல்லையும் டிஎன்எஸ் பதிவுகளையும் அன்றே சோதியுங்கள், ஏனென்றால் சான்றிதழ் வாங்கியவர் உங்கள் டொமைனை ஏதோ ஒரு வழியில் கட்டுப்படுத்திக் காட்டியிருக்கக்கூடும். பிறகு 'சிஏஏ' என்ற டிஎன்எஸ் பதிவில் உங்களுக்குச் சான்றிதழ் வழங்க அனுமதி உள்ள அமைப்புகளின் பெயர்களை எழுதி வையுங்கள். 2017 செப்டம்பர் முதல் பொது நம்பிக்கை பெற்ற எல்லாச் சான்றிதழ் அமைப்புகளும் வழங்குவதற்கு முன் அதைப் பார்த்தாக வேண்டும்.